நந்தியாவட்டைப் பொட்டலம்

பஞ்சாலை என்கிற பெண் செய்த காரியத்தைப் போன வாரம் நாம் பார்த்தோம். நம்மைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும். இன்று காலை ஒரு பொழுதுக்காவது அவளுக்கு நிம்மதி இருக்கட்டும்.

புக்கிட் செராயா ரப்பர் தோட்டத்து லய வீடுகளைப் பிடுங்கி முள்கம்பிக்குள் நட்ட நாளில் தொடங்கியது இந்த வினை. எல்லாருக்கும் ஒரே கிணறு, அதன் பக்கத்திலேயே கக்கூஸ். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று ஊரைச் சுற்றி வேலி போட்டவர்களுக்கு, கக்கூஸ் தண்ணீர் கிணற்றுக்குப் போய்விடக் கூடாது என்று ஒரு சாண் சிமெண்டு போடத் தோன்றவில்லை. மழை பெய்தது, விஷக்காய்ச்சல் வந்தது. மாயாண்டியும் அவன் தம்பி சன்னாசியும் ஒரே வாரத்தில் படுத்தார்கள்.

நாலு தோட்டத்துக்கும் பொதுவான ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் துரையிடம் ஒரு புது மருந்து வந்திருந்தது. கப்பலில் வந்தது, கொஞ்சம்தான் வந்தது. பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் மாவு மாத்திரை. எந்தப் பாதி பிழைக்கிறது என்று பார்த்தால்தான் மருந்தின் யோக்கியதை தெரியும் என்றார் துரை. அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் காய்ச்சலில் எத்தனையோ பேரைச் சாகக் கொடுத்து அலுத்துப்போன மனுஷன் அவர்.

யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும் என்றதும் ஜனங்கள் மிரண்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர் தம்பிராஜாதான் யோசனை சொன்னார். யாழ்ப்பாணத்து மனிதர், ஜனங்களின் போக்கு தெரிந்தவர். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது போல, செம்பருத்தி இதழையும் நந்தியாவட்டை இதழையும் தனித்தனி இலைப் பொட்டலமாக மடித்து, வீட்டுப் பெண்கள் கையாலேயே எடுக்கச் சொல்லலாம் என்றார். துரைக்குக் காகிதமானால் என்ன, பூவானால் என்ன! எந்தப் பூவுக்கு மருந்து என்பதை மட்டும் வெளியே விடாதே என்றார்.

வெளியே விட வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைப் பூ வந்தால் ஆத்தா சம்மதித்துவிட்டாள் என்பது தோட்டத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

மாயாண்டியின் மனைவி செல்லம்மா எடுத்தாள், வெள்ளை வந்தது. சன்னாசியின் மனைவி பஞ்சாலை எடுத்தாள், சிவப்பு வந்தது. "இதக் கொஞ்சம் பிடி தங்கச்சி" என்று தன் பொட்டலத்தை ஓரகத்தி கையில் கொடுத்துவிட்டுச் செல்லம்மா குழாயடிக்குப் போனாள். டிரஸர் பேர் கூப்பிட்டார். பஞ்சாலை வெள்ளையைத் தன் புருஷன் பேருக்கு நீட்டினாள், சிவப்பை மூத்தவர் பேருக்கு நீட்டினாள்.

அவ்வளவுதான் நடந்தது.

*

இன்று காலை முள்வேலி கேட்டில் வழக்கம்போல வரிசை நின்றது. வெளியே போகிற ஒவ்வொருத்தியையும் சோதனைக்காரி தடவிப் பார்த்துத்தான் விடுவாள். இடுப்பு, மடி, கைமூட்டை எதுவும் தப்பாது. ஒரு பிடி அரிசி அகப்பட்டாலும் லாரியில் ஏற்றி ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். சைக்கிள் டியூபுக்குள் அரிசி கொண்டுபோனவன் இன்னும் திரும்பி வரவில்லை. தலையை மட்டும் அவள் தொடமாட்டாள். தோட்டத்துப் பெண்களின் எண்ணெய்ப் பிசுக்கு மகராணிக்கு ஆகாது.

பஞ்சாலை வேகமாக நடந்தாள். மருந்து உள்ளே போய் நாளாகிவிட்டது, இன்றைக்காவது சன்னாசி கண்ணைத் திறந்து தன்னைத் தெரிந்துகொள்வான் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. செல்லம்மா விடிந்ததுமே போய்விட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரே நீள வார்டு. வாசலோரம் மாயாண்டி, கடைசிக் கட்டிலில் சன்னாசி.

வாசலிலேயே அவள் கால் நின்றுவிட்டது. மாயாண்டி எழுந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தாலும் கண் தெளிந்திருந்தது.

"வா தாயி" என்றான். "காச்சல் விட்டுருச்சு. நெத்தியத் தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கு."

"அக்கா எங்க மாமா?"

"என் துணிய அலசப் போயிருக்கா. பஞ்சாலை, பசி உசிரு போவுது. இவங்க குடுக்கிற கஞ்சித் தண்ணி நாக்குலகூட ஒட்டல. ஒரு கை சோறு யாராச்சும் கண்ணுல காட்ட மாட்டீங்களா?" கேட்டுவிட்டு அவனே குரலைத் தாழ்த்தினான். "தம்பி எப்படி இருக்கான்? ராத்திரியெல்லாம் முனகிக்கிட்டே இருந்தான். எந்திரிச்சிப் போலாம்னா காலு நிக்க மாட்டேங்குது."

அவள் வார்டின் கோடிக்கு ஓடினாள்.

சன்னாசியின் உதடு கறுத்து வெடித்திருந்தது. விரல்கள் போர்வையைக் கிள்ளிக் கிள்ளி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன. உடம்பு கொதித்தது. கட்டிலுக்கு அடியில் ஆயா இன்னும் எடுக்காத சட்டியில் கறுப்பாக ரத்தம் கிடந்தது.

"இந்தாங்க, நான்தான் வந்திருக்கேன்."

அவன் கண் அவளைத் தாண்டிப் போயிற்று. "அண்ணே" என்றான். "அண்ணே, என்னயத் தூக்கிக்க."

அந்தக் கோடியிலிருந்து மாயாண்டி குரல் கொடுத்தான். "இருடா தம்பி, வரேன். காலு மட்டும் நிக்கட்டும், வந்திடறேன்."

ஜப்பான்காரன் காலத்தில் அப்பனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன பிறகு, தம்பியைத் தோளில் சுமந்து வளர்த்தவன் மாயாண்டி. அது பஞ்சாலைக்கும் தெரியும். தெரிந்துதான் பொட்டலத்தை மாற்றினாள்.

எது மருந்து, எது மாவு என்று இனிமேல் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புதான் மருந்து. ஆத்தா அவள் கையில் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். இவள்தான் புருஷன் வாயிலிருந்து மருந்தைப் பிடுங்கி மூத்தவர் வாயில் போட்டுவிட்டாள்.

*

டிரஸர் தம்பிராஜா மருந்து அறை வாசலில் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். பஞ்சாலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மூச்சு விடாமல், அழக்கூட நேரமில்லாமல் கொட்டினாள்.

கேட்கக் கேட்க டிரஸரின் முகம் வெளுத்தது.

"நீ என்ன பிள்ளை சொல்லுறாய்? மாத்திக் குடுத்தனியோ?"

"வெள்ளைதான் நல்லதுன்னு நெனைச்சிட்டேங்க. இப்ப மாத்திடுங்கய்யா. இன்னும் உசிரு இருக்கு. ரெண்டு பேருக்குமே குடுத்திடுங்க."

"ரெண்டு பேருக்கும் குடுக்க மருந்து இல்லை. இருந்தாலும் துரை குடுக்க மாட்டார். எல்லாருக்கும் குடுத்தால், மருந்தாலே பிழைச்சவனோ தானாப் பிழைச்சவனோ எண்டு ஆருக்குத் தெரியும்?" சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். பூ யோசனை அவருடையது. அது இப்படி ஓட்டையான யோசனை என்று துரைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு. "பேசாமல் இரு பிள்ளை. ஒருத்தரிட்டயும் கதைக்காதே."

"பேசாம இருந்தா அவரு செத்துப்போயிடுவாருங்க!"

டிரஸர் அடுப்பைத் தணித்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "துரை இப்ப வருவார். நான் சொல்லிப் பார்க்கிறன். ஆனால் உன்ர வாயை மட்டும் அவர் நம்ப மாட்டார். சாகக் கிடக்கிறவனுக்காகப் பெண்சாதி என்ன பொய்யும் சொல்லுவாள் எண்டு அவருக்குத் தெரியும். உன்ர அக்காவும் சொல்ல வேணும், தனக்கு வந்தது வெள்ளை எண்டு."

"சொல்லுவாங்க. கால்ல விழுந்து கேக்கிறேன்."

"இன்னொண்டு." அவர் ஊசியை இடுக்கியால் எடுத்தார். "மாயாண்டி சோறு சோறு எண்டு கத்துறான். காய்ச்சல் இறங்கினது உண்மைதான். ஆனா உள்ளுக்குக் குடல் இன்னும் புண். ஒரு பிடி சோறு போனாலும் குடல் ஓட்டையாப் போயிடும். பிறகு எந்த மருந்தும் பிடிக்காது, ஒரு நாளிலே ஆள் முடிஞ்சிடும். நான் சொன்னால், கஞ்சியிலே கஞ்சத்தனம் பண்ணுறன் எண்டு உன்ர அக்கா சண்டைக்கு வாறாள். நீ வடிவா விளங்கப்படுத்திச் சொல்லிப்போடு."

"சொல்றேங்கய்யா" என்றாள் பஞ்சாலை. அந்த நிமிஷம் அவள் சொல்வதாகத்தான் இருந்தாள்.

*

டாக்டர் துரை வார்டுக்குள் வந்தபோது செல்லம்மாவும் அலசிய துணியோடு வந்து சேர்ந்தாள். டிரஸர் இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொன்னார். துரையின் புருவம் ஏறியது. பஞ்சாலையைப் பார்த்தார், செல்லம்மாவைப் பார்த்தார், பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

தம்பிராஜா செல்லம்மா பக்கம் திரும்பினார். "துரை கேக்கிறார். பொட்டலம் எடுத்த அண்டைக்கு உன்ர கைக்கு வந்தது எந்தப் பூ? உண்மையைச் சொல்லு. மாறியிருந்தால், அவரவருக்கு வந்ததை அவரவருக்குக் குடுக்கிறது நியாயம் எண்டு சொல்லுறார்."

"அப்படின்னா?" என்றாள் செல்லம்மா.

"உன்ர மனுசனுக்குக் குடுக்கிற மருந்து நிக்கும். மற்றவனுக்குப் போகும்."

"நிறுத்துனா இவருக்குக் காச்சல் திரும்ப வருமா?"

டிரஸருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வந்தாலும் வரும்."

பஞ்சாலை அவள் காலில் விழுந்தாள். வார்டே பார்த்தது. "அக்கா, உனக்கு வெள்ளைதானே வந்துச்சு? சொல்லுக்கா. மாமா எந்திரிச்சி உக்காந்துட்டாரு. இனிமே அவருக்குப் பயமில்ல. என் தாலிய நீ காப்பாத்துக்கா. உன் வீட்டு வாசல்ல நாயா கிடக்கிறேன்."

செல்லம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். ஈரமான கை, துடைக்க நேரம் பிடித்தது.

"எனக்கு வந்தது செவப்புங்க தொரெ" என்றாள். "மாரியாத்தா மேல ஆணையா செவப்புதான். கற்பூரத்த ஏத்துங்க, அடிச்சு அணைக்கிறேன். பாவம், இவளுக்குப் புருஷன் நெலமையப் பாத்து புத்தி பேதலிச்சுப் போச்சு. இவளத் திட்டாதீங்க."

துரைக்கு மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். டிரஸர் தம்பிராஜாவின் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது சன்னாசிக்காக வந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி இல்லை.

மாயாண்டி கட்டிலிலிருந்து கேட்டான். "என்னம்மா சத்தம்? ஏன் பஞ்சாலை கீழ கிடக்கா?"

"ஒண்ணுமில்ல, நீங்க படுங்க" என்றாள் செல்லம்மா. "தம்பிய நெனைச்சு அழுறா."

*

குழாயடியில் பஞ்சாலை செல்லம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது தோளை அல்ல, தலைமயிரை.

"ஏண்டி பொய் சொன்ன? ஏண்டி?"

செல்லம்மா திமிறவில்லை. அந்தக் கையை மெதுவாக விரல் விரலாக எடுத்துவிட்டாள்.

"நான் ஒரு பொய்தான் சொன்னேன். நீ பண்ணது என்ன?"

"எனக்குத் தெரியாமப் பண்ணிட்டேன். வெள்ளைதான் மருந்துன்னு..."

"எனக்குத் தெரியும்" என்றாள் செல்லம்மா.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திருகி மூடினாள்.

"பூ எடுக்கறதுக்கு முன்னாடியே ஆயா தாயம்மா என் காதுல போட்டுட்டா, செவப்புக்காரங்களுக்குத்தான் பூட்டுப் போட்ட பெட்டியில இருந்து வரப்போகுதுன்னு. எனக்கு வெள்ளைதான் வந்துச்சு. நீ செவப்ப வெச்சுக்கிட்டு என் பொட்டலத்தையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்ன. உன் மூஞ்சியப் பாத்தேன். அப்பதான் எனக்குக் கை கழுவணும்னு தோணுச்சு."

செல்லம்மா தாழ்வாரத்துத் தூணைக் காட்டினாள்.

"அந்தத் தூணுக்குப் பின்னாலதான் நின்னேன். நீ மாத்தலேன்னா என் புருஷன் இப்ப அந்தக் கோடியில கிடப்பாரு. மாத்துடின்னு நான் உன்னயச் சொன்னேனா? உனக்கு நல்லது வரணும், எனக்குக் கெட்டது வரணும்னு நீயா நெனைச்ச, நீயா மாத்துன. நான் பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன், அவ்ளோதான்."

"மாமாகிட்டச் சொல்றேன். அவரு மருந்த வாயிலிருந்து துப்பித் தம்பிக்குக் குடுப்பாரு."

"சொல்லு. தாராளமாப் போய்ச் சொல்லு, யாரு வேணாங்கிறா? உங்களச் சாகடிக்கப் பாத்தேன் மாமான்னு முதல்ல ஆரம்பி. அப்புறம் உங்க தம்பிய நான்தான் கொன்னேன்னு முடி." செல்லம்மாவின் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "சன்னாசிக்கு நானும்தான் சோறு போட்டு வளத்தேன். எனக்கு வலிக்கலேன்னா நெனைக்கிற? வலிக்குதுடி. ஆனா ரெண்டுல ஒண்ணுன்னா நான் எதத் தேடுவேன்?"

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பஞ்சாலையால் அவளை முழுசாக வெறுக்கக்கூட முடியவில்லை. அதுதான் கொடுமை. வெறுக்க முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபடி வார்டுக்குள் போனபோது டிரஸர் சன்னாசியின் நாடியைப் பிடித்திருந்தார். அவளைப் பார்த்ததும் கையை விட்டார். "பொழுது சாயிறதுக்குள்ளே வந்திடு பிள்ளை" என்றார். 

*

மத்தியானம் வெளியாரை வார்டில் வைத்திருக்க மாட்டார்கள். ரெண்டு பேரும் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். ஒரே பாதையில், ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால்.

லயத்தில் ரெண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பஞ்சாலை அடுப்பு மூட்டவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் சோறு கொதிக்கிற வாசம் வந்தது. செல்லம்மா பக்கத்து வீட்டு மாரியம்மாவிடம் பேசுவதும் கேட்டது.

"காச்சல் விட்ட ஒடம்புக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி ஒரு கை சோறு போடணும். அப்பதானே ரத்தம் ஊறும்? அந்தக் கஞ்சப்பய டிரஸரு தண்ணியக் காட்டியே ஆளக் கொன்னுடுவான் போலருக்கு."

"கேட்ல புடிச்சா ஜெயிலுதான்லா" என்றாள் மாரியம்மா.

"புடிச்சாத்தானே?"

பஞ்சாலை பலகைத் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையால் ஒரு தட்டுத் தட்டி, 'அக்கா, சோறு வேணாம், குடல் ஓட்டையாயிடும்' என்று சொன்னால் முடிந்தது. டிரஸரிடம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கோடியில் ஒருவன் 'அண்ணே, தூக்கிக்க' என்று கிடக்கிறான். இந்தக் கோடியில் அவன் அண்ணன் ஒரு பாவமும் அறியாமல், காலு நின்னா வரேன் என்கிறான். மாயாண்டி மாமா இவளை ஒரு நாள்கூட அதட்டிப் பேசினவர் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், இவளுக்குப் பால் வெட்டத் தெரியாத ரப்பர் மரங்களைத் தன் நிரையோடு சேர்த்து வெட்டிக் கொடுத்தவர்.

அவள் தடுப்பைத் தட்டக் கையைத் தூக்கினாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டாள். 

தடுப்புக்கு அந்தப் பக்கம் சட்டியில் கரண்டி படும் சத்தம் கேட்டது. வாழையிலை கிழியும் சத்தம் கேட்டது. பிறகு செல்லம்மா நேரமெடுத்துத் தலை வாரினாள்.

கேட்டில் பிற்பகல் வரிசை குறைவாகத்தான் இருந்தது. முன்னால் செல்லம்மா, அவள் முதுகுக்குப் பின்னால் பஞ்சாலை. செல்லம்மா இன்றைக்குக் கொண்டை பெரிதாகப் போட்டிருந்தாள். எண்ணெய் வழிய வழிய வாரி, இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு துண்டைச் சாதாரணமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். காற்றில் துண்டு கொஞ்சம் விலகியது.

கொண்டைக்குக் கீழே, பிடரியில், ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, நன்றாக வெந்த பருக்கை.

சோதனைக்காரி செல்லம்மாவின் இடுப்பைத் தடவினாள், மடியை உதறினாள், துணிமூட்டையை அவிழ்த்தாள். "திரும்பு" என்றாள்.

செல்லம்மா திரும்பினால் பருக்கை சோதனைக்காரி கண்ணில் படும். கொண்டை அவிழும், லாரி வரும், செல்லம்மா ஜெயிலுக்குப் போவாள். மாயாண்டி பிழைத்துக்கொள்வான்.

பஞ்சாலை ஒன்றுமே செய்யாமல் நின்றால் போதும்.

அவள் கையை நீட்டினாள். ஒற்றை விரலால் அந்தப் பருக்கையை எடுத்து, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். துண்டை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

செல்லம்மா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எறும்புக்கா" என்றாள் பஞ்சாலை.

சோதனைக்காரி ரெண்டு பேரையும் பார்த்தாள். எண்ணெய்த் தலையைப் பார்த்து மூக்கைச் சுளித்து, போ என்று கையைக் காட்டினாள்.

வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகு செல்லம்மா நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூடிய கையையே பிடித்துக்கொண்டாள்.

"காலையில உங்கிட்ட அப்படியெல்லாம் பேசிட்டேன். அதுக்கப்புறமும் நீ என்னயக் காப்பாத்துனியே. உனக்கு எம்மேல கோவமே இல்லையாடி?"

"நடக்கா" என்றாள் பஞ்சாலை. "மாமா பசியோட இருப்பாரு."